இரண்டு இருக்கை, பத்து வருடம்

எங்கள் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில், நான்காவது தளத்தில், ஒருவர் செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஆறரை மணிக்குத் தன் காரின் கூரையைத் திறப்பார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தாழ்வான, சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் கார். பொத்தானை அழுத்தியதும் துணிக் கூரை மடிந்து மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அவர் உள்ளே உட்கார்ந்து மேலே இருக்கும் சிமென்ட் தளத்தைப் பார்ப்பார். பத்து நிமிடம் கழித்துக் கூரையை மூடிவிட்டு லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். வானம் தெரிவதற்காகச் செய்யப்பட்ட ஒரு காரை வானம் தெரியாத இடத்தில் மட்டும் திறக்கும் இந்த வழக்கத்தை நான் நான்கு செவ்வாய்க்கிழமைகள் பார்த்துக் குறித்துவைத்தேன். ஐந்தாவது வாரம் கேட்டேவிட்டேன். பெயர் திரு. லிம், எங்களுக்கு இரண்டு மாடி கீழே குடியிருப்பவர். என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "யூ ஃப்ரம் டவுன் கவுன்சில் ஆ?" என்றார். குடியிருப்பைப் பராமரிக்கும் அலுவலகம் அது. இல்லை, சும்மாதான் கேட்கிறேன் என்றேன். "நெவர் ஓப்பன், ரப்பர் ஸ்பாயில் லா." திறக்காமலே வைத்தால் கூரையின் ரப்பர் கெட்டுவிடுமாம். அப்படியானால் வெளியே போய்த் திறக்கலாமே என்றேன். "அவுட்சைட் டூ ஹாட்." எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையாட்டினார். அடுத்த செவ்வாய் முதல் அவர் கார் ஐந்தாவது தளத்துக்குப் போய்விட்டது. நான் புகார் எழுதப் போகிறேன் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதை வீட்டில் சொன்னால் பானு சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பங்குனி மாதத்து மூன்றாவது செவ்வாய் அது. அவள் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த மாதிரி ஒண்ணுதான் வாங்கலாம்னு இருக்கேன். புதுசா" என்றாள்.

பானு என் மனைவி. ஆங் மோ கியோவில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வரவேற்பு மேசையில் சேர்ந்து, இப்போது அதை நிர்வகிப்பவள். இந்த ஊரில் மூன்றாவது முயற்சியில் ஓட்டுநர் உரிமம் வாங்கியவள். நான் வாங்கவில்லை. நான் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் ஆவணக் கட்டுப்பாட்டாளர். எந்தக் காகிதம் எந்தத் தேதியில் திருத்தப்பட்டது, எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்று பார்ப்பது என் வேலை. திரும்பிப் போகப்போகிறவனுக்கு இங்கே எதற்கு உரிமம் என்று இருந்துவிட்டேன். எங்கள் மகள் கல்யாணமாகி மெல்பர்னுக்குப் போன பிறகு புக்கிட் பாஞ்சாங் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாசலில் பேருந்து, ஏழு நிமிட நடையில் எம்ஆர்டி ரயில். கார் இல்லாததால் இத்தனை வருடத்தில் எங்களுக்கு ஒரு கல்யாணமோ கருமாதியோ தவறியதில்லை. பிறகு ஏன் திடீரென்று கார்?

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். விலையைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மீதியைப் படிக்கமாட்டீர்கள். திருச்சியில் எங்கள் தெரு டாக்டரிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. அவருக்குப் பிறகு அவர் மகன் ஓட்டினார். அவர் அதை ஒரு டிரைவரிடம் விற்க, அது கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. என் கல்யாணத்துக்கும் வந்தது. அந்த வண்டி எப்போது முடியும் என்று யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே கார் பிறக்கும்போதே அதற்கு முடிவுத் தேதி எழுதியாகிவிடுகிறது. காரை வாங்குமுன் அதை வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்கவேண்டும். சிஓஇ என்பார்கள். அது பத்து வருடத்துக்கு. பத்தாம் வருட முடிவில் மறுபடி பணம் கட்டி நீட்டிக்கவேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு பளபளப்பான வண்டியாக இருந்தாலும் கழிவுக்குப் போகும். நிரந்தரவாசி என்று பெயர் பெற்ற எனக்கே ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் மறுநுழைவு அனுமதி தருகிறார்கள். காருக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு.

ஆகவே புதுக் கார் என்று பானு சொன்னபோது என் காதில் விழுந்தது பத்து வருடம் என்பதுதான். இவள் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். அதை நேராகச் சொல்லாமல் ஒரு காரை வைத்துச் சொல்கிறாள். அதிலும் இரண்டு இருக்கை. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஏற்ற இடமில்லாத வண்டி. எனக்கு அவ்வளவும் ஆதாரமாகப்பட்டது.

நாங்கள் வந்த புதிதில் ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். கீழே நாள் முழுவதும் குழாய் அறுக்கும் சத்தம். அந்த அறையில், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, ஐந்து வருடம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று பேசி முடிவெடுத்தோம். டைரியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு அது நான்கு முறை தள்ளிப்போயிற்று. திருச்சியில் வீடும் கட்டினோம். பால் காய்ச்சிய மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் மற்றவர்கள்தான் இருக்கிறார்கள். இப்போது ஞானசேகர் என்ற வங்கி ஊழியரின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது.

ஒரு விஷயத்தை மறுக்கவேண்டுமென்றால் எனக்குக் காகிதம் வேண்டும். எட்டு வாரம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கூரை திறக்கும் கார்களை எண்ணினேன். பதினேழு முறை கண்ணில்பட்டன. கூரை திறந்திருந்தது இரண்டு முறை. அதில் ஒன்று மணப்பெண்ணை ஏற்றிப் போன வண்டி. கார்ப் பத்திரிகைகளை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. வெயில் வந்தால் கொண்டாடுகிறவர்களின் ஆசை அது. மாதக்கணக்கில் குளிரில் கிடந்தவன் கூரையைத் திறப்பதில் அர்த்தம் உண்டு. பன்னிரண்டு மாதமும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, கூரை போட்ட நடைபாதையிலேயே ரயில் நிலையம்வரை போகிற ஊரில் இதை வாங்குகிறவர்கள் வேறு எதையோ வாங்குகிறார்கள். பானு எதை வாங்குகிறாள் என்று கண்டுபிடிக்கத்தான் வைகாசி இரண்டாவது சனிக்கிழமை அவளோடு அலெக்சாண்டிரா சாலைக் காட்சியகத்துக்குப் போனேன்.

விற்பனையாளர் பெயர் குணா. இங்கேயே பிறந்த தமிழர். எங்களைப் பார்த்ததும் என்னிடம்தான் வந்தார்.

"வாங்கண்ணே. அம்பது தாண்டினா ஆம்பளைங்களுக்கு இந்த ஆசை வரும் லா, நார்மல். அக்கா, நீங்கதான் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்."

"தம்பி, லைசென்ஸ் எங்கிட்டதான் இருக்கு" என்றாள் பானு. "இவர்கிட்ட எம்ஆர்டி கார்டுதான் இருக்கு."

"ஐயோ, சாரிக்கா!" என்று என்னிடம் நீட்டிய சாவியை அவள் பக்கம் திருப்பினார் குணா.

பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு வண்டி நின்றது. பானு அதன் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பின்பக்கப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அரிசி இரண்டு மூட்டை வைக்கமுடியுமா என்று கேட்டேன்.

"ஒண்ணு வைக்கலாம்ண்ணே. ரெண்டாவது மூட்டைய உங்க சீட்ல உக்கார வச்சு பெல்ட் போட்டுடலாம். நீங்க பஸ்ல வந்துருங்க."

பானு அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கேதான் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். இதே மாடலில் பழைய வண்டி, சிஓஇ மூன்று வருடம் மிச்சமிருப்பது, இருக்கிறதா?

"ரெண்டு வருஷத்துல ஒண்ணு இருக்கு, நாலு வருஷத்துல ஒண்ணு இருக்கு. நாலு நல்ல டீல்ண்ணே."

"இல்ல, மூணுதான் வேணும்."

"ரெண்டரை?"

"மூணு" என்றேன்.

பானு கதவிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை ஓட்டிப் பார்க்க வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டு என்னோடு வெளியே வந்தாள். ரயில் ஏறினோம். தேக்கா சந்தையில் வழக்கம்போல் காய்கறி வாங்கினோம். கையில் முருங்கைக்காயோடு அவள் ஜாலான் புசார் பக்கம் நடந்தாள், நானும் பின்னால் போனேன். ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அவளே சொல்லித் தேநீர் வரவழைத்தாள்.

"மூணு வருஷம்னா அது எந்தக் கணக்கு?"

"சும்மா. ஒரு ரவுண்டா."

"ரவுண்டுன்னா அஞ்சு சொல்லியிருப்பீங்க. ஞானசேகரோட வைஃப் பொங்கலன்னிக்கு எனக்கு வாட்ஸ்அப் பண்ணாங்க. 'அக்கா, இன்னும் மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டீங்க, பையன் ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும் நிம்மதி, ரொம்ப தேங்க்ஸ்'னு. எனக்கு எதுக்கு தேங்க்ஸ்னே புரியல. பெரிய மனுஷி மாதிரி ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன்."

நான் தேநீரைக் கலக்கினேன். மார்கழியில் ஞானசேகர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டார். காகிதம் வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு மாசம் பொறுத்தேன்" என்றாள் பானு. "சொல்வீங்க சொல்வீங்கன்னு. டைரியில எழுதியிருப்பீங்க, நாளு கிழமையோட. எங்கிட்ட மட்டும் சொல்லல. சரி, இவரு ஊருக்குப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டாரு, சொல்ல வாய் வரலன்னு நெனச்சேன். அப்படின்னா நானும் இங்கதான இருக்கணும்? இருக்கிறதுன்னா எனக்குப் பிடிச்ச மாதிரி இருந்துட்டுப் போறேன்."

"நீதான் முடிவு பண்ணிட்டேன்னு நான் நெனச்சேன்."

"நானா? நல்லா இருக்கே கதை." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஊருக்குப் போறதுன்னா போவோம், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா தேதி சொல்லுங்க. ஊர்ல இருக்கிற எல்லாக் காகிதத்துக்கும் தேதி போடுறீங்கல்ல, இதுக்கும் போடுங்க. சனிக்கிழமைக்குள்ள தேதி சொன்னா வண்டி வேண்டாம். இல்லன்னா புதுசுதான் வாங்குவேன். பத்து வருஷம்."

அந்த வாரம் பழைய டைரிகளை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், பானுவின் மேல் குற்றம் நிரூபிக்கத்தான் எடுத்தேன். நான்கு முறை தள்ளிப்போட்டதில் எத்தனை முறை அவளால் என்று தேடினேன். முதல் முறை எனக்குப் பதவி உயர்வு வரும்போல் இருந்தது. இரண்டாவது, மகளின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அது பானு கேட்டது. மூன்றாவது முறை தளத்தில் புதிய ஆவண முறை வருகிறது, நான் இல்லாமல் முடியாது என்று எழுதியிருந்தேன். நான்காவதற்குக் காரணமே எழுதவில்லை. "இப்போதைக்கு இல்லை" என்று மட்டும் என் கையெழுத்தில் இருந்தது. ஐந்தாவதாக மார்கழி. ஐந்தில் நான்கு என்னுடையவை. வேலையிடத்தில் இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால், சம்பந்தப்பட்டவருக்கு இந்த வேலையை முடிக்கும் எண்ணம் இல்லை என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இருந்தும் தேதி போட முயன்றேன். அடுத்த தை என்று எழுதினேன். வாடகை ஒப்பந்தம் நடுவில் நின்றது. ஒப்பந்தம் முடியும் மார்கழி என்று எழுதினேன். அதற்குள் என் வேலை ஒப்பந்தம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுவிடும். வெள்ளிக்கிழமை மாலைவரை எந்தத் தேதியும் தாளில் நிற்கவில்லை. பானு கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை காட்சியகத்தில் எனக்கு வேறொன்று விளங்கியது. இரண்டு இருக்கை வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது விற்பனையாளர் கூடவே போகவேண்டும். ஓட்டுபவர் ஒருவர், விற்பவர் ஒருவர். கணவனுக்கு இடமில்லை. "பதினஞ்சு நிமிஷம்ண்ணே, அக்காவ பத்திரமா கூட்டிட்டு வந்துருவேன்" என்று குணா உட்கார்ந்தார். பானு கூரையைத் திறந்தாள், வெயிலைப் பற்றிக் கவலைப்படாமல். பச்சைச் சாம்பல் வண்டி சாலையில் சேர்ந்து மறைந்தது. நான் நடைபாதையில் நின்றேன். அப்போது திருச்சியிலிருந்து போன்.

"சார், வணக்கம், ஞானசேகர். நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன பர்மிஷன் சார். நாங்க கார் எடுத்திருக்கோம், புதுசு. வாசல்ல வெயில்லயே நிக்குது. காம்பவுண்டுக்குள்ள கம்பி நட்டு ஒரு ஷெட் போட்டுக்கலாமா? செலவு என்னோடது."

"போட்டுக்குங்க."

"நீங்க எப்ப வர்றீங்கன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி போடுவேன் சார். சீக்கிரம் வர்றதா இருந்தா சும்மா லேசான தகரம் போதும், பிரிச்சுடலாம். ஆள் வந்து அளவெடுத்துட்டு இருக்காரு, எந்தக் கனம்னு கேக்குறாரு."

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

"நல்ல கனமா போடுங்க" என்றேன். "பத்து வருஷம் தாங்குற மாதிரி."

அவர் நன்றி சொல்லி வைத்தார். சற்று நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. குணா இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறிப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை எடுக்க உள்ளே போனார். நான் குனிந்து, மடங்கி, ஒருவழியாக உட்கார்ந்தேன். பானுவின் முடி கலைந்து, நெற்றி வியர்த்திருந்தது. அவளிடம் ஞானசேகர் கூப்பிட்டதைச் சொன்னேன். கம்பி நட்டு ஷெட் போடச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"பத்து."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே இருந்த கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை மொதல்ல எங்கிட்ட சொல்லிட்டு அப்புறம் அவருகிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு கை நீட்டி என் பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டாள்.

அங்கே திருச்சியில் மணி மதியம் ஒன்றரை. முகம் தெரியாத ஒரு ஆள் என் வாசலில் அளவுநாடாவை இழுத்துப் பிடித்து, இன்னொருவர் காருக்குக் கூரையின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். இங்கே, இன்னும் எங்களுடையதாகாத ஒரு காரில், தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல், நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.