இருபத்து மூன்று கையெழுத்து

என் சித்தப்பா ஆதரித்த அணி ஜெயித்து நான் பார்த்ததே இல்லை. அது ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணி. சித்தப்பா அந்தக் கல்லூரியில் ஒன்றரை வருடம் படித்தார். அந்த ஒன்றரை வருடத்துக்குள் அணியில் சேர்ந்து, கோப்பை வாங்கிய படத்தில் பின்வரிசையில் ஓரமாக நின்றார். பிறகு தாத்தா இறந்துபோனார். சித்தப்பா படிப்பை விட்டுத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனார். கல்லூரியை விட்டாலும் அணியை விடவில்லை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வெள்ளைச் சட்டை, கையில் குடை, கூட நான். எனக்கு அப்போது பத்து வயது. அறுபதுகளின் தொடக்கம்.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில், கீழே மாவு மில் ஓடும் கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். சனிக்கிழமையானால் அம்மா சொல்லுவாள், "தோக்கறதப் பாக்க பஸ் ஏறிப் போற ஆளுங்க இந்த ஊர்லயே நீங்க ரெண்டு பேருதான்." அது உண்மையல்ல. எங்களைப் போல முப்பது பேர் இருந்தார்கள்.

ஆடுகளம் வெறும் சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் பலகைப் படிகள், மறுபக்கம் தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் ஒரு கரும்பலகை. ஒரு மாணவன் சாக்குக் கட்டியும் ஈரத்துணியுமாக அதனருகே நின்று எண்களை அழித்து அழித்து எழுதுவான். எதிரணியின் எண்ணை எழுதியே அவனுக்குக் கை வலித்திருக்கும்.

படிகளில் எங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் அராப் ஸ்திரீட் துணிக்கடை பாய் உட்காருவார். அவருடைய மகன் அந்தக் கல்லூரியில் படித்து முடித்து மலாயாவில் வேலைக்குப் போய்விட்டான். மகன் போன பிறகும் பாய் வந்துகொண்டிருந்தார். கூட்டத்திலேயே பெரிய குரல் அவருடையது. கச்சாங் பூத்தே கூடையோடு வரும் கடலைக்காரர் ஒருவரும் விற்றது போதும் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்டம் பார்ப்பார்.

அந்த வருடம் எங்கள் அணி முதல் ஆட்டத்திலிருந்தே தோற்றது. முதலில் நடுவரைத் திட்டினார்கள். பிறகு வெயிலை, சிமெண்டுத் தரையை, பந்தில் காற்றுக் குறைவாக இருப்பதை. எட்டாவது தோல்விக்குப் பிறகு திட்டுவதற்குக் கோச் ஒருவர்தான் மிச்சமிருந்தார்.

கோச் அந்தக் கல்லூரியின் கணக்கு வாத்தியார். ஒல்லியான சீனர், தலை முழுக்க நரைத்திருந்தது. சித்தப்பா ஆடிய காலத்திலும் அவர்தான் கோச். விசில் கழுத்தில் தொங்கும், ஆனால் ஊதமாட்டார். ஆட்டம் முழுவதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முன்பு அது நிதானம் என்று புகழப்பட்டதாம். இப்போது அதையே தூக்கம் என்றார்கள்.

ஒன்பதாவது ஆட்டத்தில் நாங்கள் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். ஐந்து நிமிடம் பாக்கி. அடித்துப் பிடித்தால் ஜெயிக்கலாம் என்று படிகளில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்த நேரத்தில் கோச் எங்கள் அணியின் உயரமான பையனை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். இன்னொருவனையும் கூப்பிட்டார். அவர்களுக்குப் பதிலாக முதலாண்டுப் பையன்கள் இருவரை இறக்கினார். அதில் ஒருவன் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் தலைக்குப் பின்னால் கட்டியிருந்தான். அவன் கைக்கு வந்த முதல் பந்தை எதிரணிக்காரனிடமே கொடுத்தான்.

பாய் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இந்த ஆளு இருக்கற வரைக்கும் இது உருப்படாது லா. வயசாயிடுச்சு. நீங்க இங்க படிச்சவரு. மேலிடத்துக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. நாங்கல்லாம் கையெழுத்துப் போடறோம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு சித்தப்பா மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அவர் எழுந்து போன நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதிக்குமேல் புரியவில்லை. கடைசி வரி மட்டும் புரிந்தது: இந்தப் பயிற்சியாளரை மாற்றும்வரை நாங்கள் யாரும் ஆட்டம் பார்க்க வரப்போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை கடிதம் படிகளில் கைமாறிக் கைமாறிப் போனது. முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது, இரண்டாவது பாயுடையது. கடலைக்காரர் தமிழில் தன் பெயரை முழுதாக எழுதினார். மொத்தம் இருபத்து மூன்று பேர். இனி வரப்போவதில்லை என்று கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அன்றைய ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தார்கள். அதுவும் தோல்விதான்.

கடிதத்தைச் சித்தப்பா அனுப்பவில்லை. ஒரு உறைக்குள் போட்டு, ஒட்டி, அலமாரியில் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். உறையின் மேல் எதுவும் எழுதவில்லை. பாய் வாராவாரம் கேட்டார், "அனுப்பியாச்சா தம்பி?" சித்தப்பா, "அனுப்பணும் பாய்" என்றார். அவர் ஏன் தயங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தபால்தலை வாங்க மறந்துவிடுகிறார் என்றே நினைத்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை நாங்கள் வேறொரு கல்லூரியிடம் படுமோசமாகத் தோற்றோம். ஆட்டம் முடிந்து வெளியே வருகையில், அந்தக் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் வாசலில் சைக்கிள்களோடு நின்றார்கள். ஒருவன் சித்தப்பாவைப் பார்த்து, "அங்கிள், அடுத்த தடவையும் வருவீங்களா? நீங்க வந்தாத்தான் நாங்க ஜெயிக்கறோம்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. வாங்கிய கடலைப் பொட்டலம் பிரிக்கப்படாமலே வீடு வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். அம்மா மாடி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் பழைய காகிதங்களுக்குள் கல்லூரியின் பெயரும் விலாசமும் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து உறையின் மேல் விலாசம் எழுதினேன். பள்ளியில் கோடு போட்ட நோட்டில் எழுதுவது போலவே, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, அழுத்தி எழுதினேன். அம்மாவின் டப்பாவில் தபால்தலை இருந்தது. சந்து முனையிலிருந்த சிவப்புத் தபால்பெட்டியின் வாய் எனக்கு உயரம். எக்கி நின்று போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. சித்தப்பாவுக்கு ஏதோ பெரிய உதவி செய்துவிட்ட நிறைவோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது சனிக்கிழமை நாங்கள் போனபோது படிகளில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் கரும்பலகையருகே கூட்டமாக நின்றார்கள். பலகையின் மேல் தட்டச்சு செய்த அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. இந்தப் பருவத்தோடு கூடைப்பந்து அணி கலைக்கப்படுகிறது. ஆடுகளம் இருக்கும் இடத்தில் புதிய ஆய்வுக்கூடம் கட்டப்படும்.

பாய் அதைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். "கோச்ச மாத்தத்தானே சொன்னோம்" என்றார். பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பி, மெதுவாக, "லெட்டர் போயிடுச்சா தம்பி?" என்று கேட்டார்.

சித்தப்பா அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிருக்கும் போல இருக்கு பாய்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து சட்டைகளைத் தூக்கிப் பார்த்தார். நான் தரையில் வீட்டுப்பாட நோட்டை விரித்து வைத்துக்கொண்டு தலையைத் தூக்காமல் இருந்தேன். "அண்ணி, இந்த அலமாரிய யாராவது தொறந்தீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். "உங்க சட்டைய யாரு தொடுவா?" என்றாள் அம்மா. என்னிடம் அவர் கேட்கவில்லை. கேட்காததால் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, "நீயும் வா பாப்பா" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. பஸ் மாறி புக்கிட் மேரா பக்கம் போனோம். ஒரு அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் கதவைத் தட்டியதும் கோச் வந்து திறந்தார். வீட்டில் பனியனோடு இருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி எனக்கு ஆரஞ்சுத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். இரண்டையும் தொடப் பயமாக இருந்தது. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. எனக்குப் புரிந்ததும், பின்னால் பல வருடம் கழித்துச் சித்தப்பா சொன்னதும் சேர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பா உட்காரவில்லை. "அந்தக் கடிதத்தை எழுதியது நான்" என்றார்.

"தெரியும். உன் கையெழுத்துதானே முதலில் இருக்கிறது" என்றார் கோச். அவர் குரலில் கோபம் இல்லை. சித்தப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்று வருடமாகக் கல்லூரி நிர்வாகத்தார் அந்த இடத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கோப்பை வாங்காத அணிக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு வரும். கோச்சிடம் சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. தோற்றாலும், மழை பெய்தாலும், சனிக்கிழமை முப்பது பேர் வந்து உட்காருகிறார்கள் என்பார். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். இந்த முறை அவர் அதையே சொன்னபோது, அந்த முப்பது பேரில் இருபத்து மூன்று பேர் இனி வரப்போவதில்லை என்று எழுதியிருந்த கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.

பிறகு, "அந்த ரெண்டு பையன்களை அன்றைக்கு ஏன் இறக்கினீர்கள்?" என்று மட்டும் சித்தப்பா கேட்டார்.

"கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் பயிற்சிக்கு வருகிறார்கள். வேறு எந்த ஆட்டத்தில் இறக்குவது?" என்றார் கோச். "உன்னையும் முதன்முதலில் அப்படி ஒரு ஆட்டத்தில்தானே இறக்கினேன். பந்தைக் கொண்டுபோய் அவர்களிடமே கொடுத்தாய்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். கோச் எழுந்து போய் உள்ளேயிருந்து அந்தக் கடிதத்தை உறையோடு கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். சித்தப்பா உள்ளிருந்த தாளை எடுக்கவேயில்லை. உறையின் மேல்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க" என்பதை மட்டும் அவர் மலாயில் சொன்னார். ஏன் மொழியை மாற்றினார் என்று தெரியவில்லை. "தா அப்பா, தா அப்பா" என்றார் கோச். பரவாயில்லை, பரவாயில்லை.

வாசல்வரை வந்த கோச் குனிந்து நான் எந்தப் பள்ளி, என்ன வகுப்பு என்று விசாரித்தார். சொன்னேன். "உன் கையெழுத்து மிக நன்றாக இருக்கிறது" என்றார். பெருமையில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அதைச் சித்தப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன். "ஆமா பாப்பா, நல்ல கையெழுத்துதான்" என்றார். என் எழுத்தை அந்த மனிதர் எங்கே பார்த்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் பாயும் மற்றவர்களும், ஒரு தடவை எங்களைக் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாமே என்று சித்தப்பாவைச் சூழ்ந்துகொண்டு பேசினார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். என் பெயரை எடுக்கவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

கடைசி ஆட்டத்துக்குப் படிகள் நிரம்பிவிட்டன. பாய் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருந்தார். கடலைக்காரர் கூடையில்லாமல், துவைத்த வேட்டியோடு வந்தார். கையெழுத்துப் போட்ட இருபத்து மூன்று பேரும் இருந்தார்கள். அன்று எங்கள் அணி என்றைக்கும் இல்லாதபடி ஆடியது. ஆனாலும் முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆறு புள்ளி பின்தங்கியிருந்தோம். கோச் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து, உயரமான பையனை வெளியே வரச் சொன்னார். முதலாண்டுப் பையன்கள் இருவரும் உள்ளே ஓடினார்கள்.

பாய் ஏதோ சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாய் திறக்கவில்லை.

கண்ணாடிப் பையனுக்குக் கடைசி நிமிடத்தில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. குதித்துப் பந்தை எறிந்தான். அது வளையத்தின் விளிம்பில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. விசில் ஒலித்தது. தோற்றுவிட்டோம்.

சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார். பிறகு பாய். பிறகு ஒவ்வொரு படியாக எல்லோரும். கண்ணாடிப் பையன் யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். கோச் களத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றார்.

"சித்தப்பா, பந்து உள்ள விழலையே" என்றேன்.

"எழுந்திரு பாப்பா" என்றார்.

எழுந்து நின்று நானும் தட்டினேன். கரும்பலகைப் பையன் எங்கள் எண்ணை அழித்து வேறு ஏதாவது எழுதப்போகிறானோ என்று, அவன் கையிலிருந்த ஈரத்துணியையே பார்த்தபடி தட்டினேன்.