விளக்கம் சொல்லும் ஆண்களுக்கு ஒரு சொல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில், இருபத்திரண்டு வருடமாக உதிரிபாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. அளக்கும் கருவியான மைக்ரோமீட்டரை இறுக்கவே கூடாது. மெல்லத் திருகி, 'கடக்' என்று சத்தம் வந்ததும் விட்டுவிட வேண்டும். போன வருடம் வீட்டுக்கு வந்த சம்பந்திகளிடம் என் கணவர் இதை விளக்கினார். ஆயுளில் அந்தக் கருவியைத் தொட்டிராத மனிதர். "நல்லா இறுக்கிப் புடிக்கணும், அப்பதான் அளவு கரெக்டா வரும்" என்றவர், என் பக்கம் திரும்பி எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுத்தார். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆத்திரம் தாளவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் புலம்பினேன். இதற்கு ஒரு பெயரே உண்டு என்றாள்: மேன்ஸ்பிளெயினிங். ஆண், விளக்குவது, இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்தது. எதிரில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு ஆண் தானாக முடிவுகட்டிக்கொண்டு, தெரிந்தவளிடமே பாடம் நடத்துவது. வெளிநாட்டில் ஒரு பெண் எழுத்தாளரிடம், அவர் எழுதிய புத்தகத்தைப் பற்றியே ஒரு ஆண் விளக்கினாராம். அதை அந்தப் பெண் கட்டுரையாக எழுத, அதன் பிறகு இணையத்தில் பிறந்ததாம் இந்தச் சொல்.

நாமும் மேதாவித்தனம் என்போம், பெரிய மனுஷத்தனம் என்போம். அவை யாருக்கும் பொருந்தும். இது அளவெடுத்துத் தைத்தது போல எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது.

அன்று மாலையே கணவரிடம் சொல்லிவிட்டேன், பொருள், பிறந்த கதை எல்லாம் சேர்த்து.

"அப்ப நான் பேசவே கூடாதா இன்னா?"

எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்ல வேண்டாம் என்றேன். சரி என்றார். இன்றும் நான் சொன்னது தப்பென்று நினைக்கவில்லை.

ஆனால் மனிதர் அதோடு வாயை மூடிக்கொண்டார். ரயில் ஏன் தாமதம், பால் ஏன் திரிகிறது, தெருவில் மழைத்தண்ணீர் ஏன் வடிவதில்லை. இவற்றை எடுத்துவிட்டால் அவரிடம் வேறு பேச்சே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. திருமுல்லைவாயிலில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, டிவி, தூக்கம். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இப்படித் தனியாகக் கிடப்பேன் என்று நினைத்ததே இல்லை.

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. முன்பென்றால் சுவரில் படம் வரைந்தே காட்டியிருப்பார். பட்டறையில் காலையிலிருந்து அதே பேச்சுதான், எனக்கு எல்லாம் தெரியும். இருந்தும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாததா?"

தெரியாது என்று பொய் சொன்னேன்.

போனில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.