இரவில் இறங்கும் பேட்டரி

உறவுக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் செக்போஸ்ட். கேபிள் கம்பெனி ஒன்றின் கிடங்கில் அவர் ஸ்டோர் கீப்பர். மாலையில் வெளியேறும் ஆட்களின் பைகளைத் திறந்து பார்ப்பது அவருடைய பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கிடங்கிலேயே பூட்டிவிட்டு வரும் வழக்கம் அவரிடம் இல்லை. வீட்டில் பால் பாக்கெட்கூட அவர் கண்ணில் பட்ட பிறகே ஃப்ரிட்ஜுக்குள் போகும். நியாயமாகச் சொன்னால், அவர் நாணயத்தைக் குறை சொன்னவர் எவருமில்லை. கம்பெனியின் ஓர் ஆணியைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்தவரல்லர். ஆனால் தாம் எடுக்கவில்லை என்பதற்காகவே மற்றவர்கள் எடுத்திருப்பார்கள் என்று நம்பும் சுபாவம் அவருக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

மனைவியின் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை கிடைத்து, மாடி அறையில் வந்து தங்கினான். செக்போஸ்ட் கம்பெனி வேனில் போய்வருபவர் என்பதால், "வண்டி சும்மாதானே நிக்குது, எடுத்துட்டுப் போ மாப்ளே" என்று அவரே மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்தார். முழு மனதோடுதான் கொடுத்தார். சில வாரங்களில் பெட்ரோல் முள், அவர் போட்டு வைத்த கணக்கைவிட வேகமாக இறங்கத் தொடங்கியது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த கடைக்குப் போய், வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கைபேசியில் காட்டும் தீப்பெட்டி அளவிலான கருவி ஒன்றை இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"சாவி ஆஃப்ல இருந்தாலும் இது முழிச்சிருக்கணும் சார், அதான் நேரா பேட்டரியில குடுத்திருக்கேன்" என்றான் கடைக்காரன். "எறும்பு குடிக்கிற அளவுதான் கரன்ட் எடுக்கும்."

கைபேசியில் ஒரு நீலப்புள்ளி தெரிந்தது. அது காலையில் கடைக்குப் போனது. கடை அடைத்ததும் ஏரிக்கரைக்குப் போய் அங்கேயே வெகுநேரம் நின்றது. அதன் பிறகே வீடு திரும்பியது. நாள் தவறாமல் இதே கதை. சீட்டாட்டம் என்று அவர் முடிவு கட்டினார். முடிவு கட்டிய பிறகு புள்ளியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை, மைத்துனனிடமும் கேட்கவில்லை. கேட்டால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

மழை தொடங்கியதும் வண்டியைக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்குள் நிறுத்த ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் வம்பு வந்தது. இரவு நன்றாக வந்து நின்ற வண்டி, காலையில் பொத்தானை அழுத்தினால் முனகிவிட்டு அடங்கிப்போகும். கிக்கர் இல்லாத வண்டி. கடைக்குப் போகும் சட்டையோடு மைத்துனன் அதைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

"சாவியை ஆன்லயே வெச்சுட்டு எங்கயாவது உக்காந்து கதை அடிச்சா பேட்டரி என்ன பண்ணும்?" என்றார் செக்போஸ்ட். எங்கயாவது என்ற சொல்லைச் சற்று அழுத்தியே சொன்னார்.

"இல்ல மாமா, ஆஃப் பண்ணிட்டுத்தான் வர்றேன்."

"வண்டி பொய் சொல்லுமா?"

அன்று முதல் மைத்துனன் தன்னைத்தானே நம்பாதவன் ஆனான். வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்குப் போனவன் பாதிப் படியிலிருந்து இறங்கி வந்து சாவித் துவாரத்தைப் பார்ப்பான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவான். "அக்கா, நல்லாப் பாத்துக்கோ. ஆஃப்."

"பாத்துட்டேன்டா. கையெழுத்துப் போட்டுச் சீல் வெக்கணுமா?" என்று அவள் சிரிப்பாள். அவன் சிரிக்க மாட்டான்.

கடைசியில் அவனே மெக்கானிக்கிடம் போனான். மெக்கானிக் பேட்டரியைக் கழற்றி முழுக்கச் சார்ஜ் ஏற்றித் தன் பட்டறையில் ஓரிரவு வைத்துப் பார்த்தார், இறங்கவில்லை. மறுபடி வண்டியில் பொருத்தி, இரவில் மைனஸ் வயரை மட்டும் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார். காலையில் மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் வண்டி கிளம்பியது. "பேட்டரி மேல தப்பில்ல. வண்டிக்குள்ளதான் எங்கயோ ஒழுகுது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து பாக்கறேன்" என்றார்.

ஞாயிறன்று கொட்டகையில் மூவரும் கூடினர். மெக்கானிக் மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை இணைத்தார். சாவி அணைந்திருந்தது, மீட்டரோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றது.

"தூங்குற வண்டி இவ்வளவு குடிக்கக் கூடாதே," என்றவர் நிமிர்ந்தார். "வண்டிக் கம்பெனி குடுத்தது போக வேற ஏதாவது மாட்டியிருக்கீங்களா சார்?"

எறும்பு குடிக்கிற அளவு என்ற பேச்சு அந்தக் கணத்தில்தான் செக்போஸ்ட்டுக்கு நினைவு வந்தது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தவர், "இல்லையே" என்றார்.

"மாமா அப்படிக் கண்டதை மாட்டுற ஆள் இல்லண்ணே," என்றான் மைத்துனன். "ஹாரன்கூட மாத்த விடமாட்டாரு."

மெக்கானிக் ஃபியூஸைப் பிடுங்கினார். எண் அசையவில்லை. "அப்போ ஃபியூஸுக்கு முன்னாடியே யாரோ குழாய் போட்டு உறிஞ்சுறாங்க," என்றபடி பேட்டரி முனையிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார். செக்போஸ்ட் கிடங்கு வாசலில் எத்தனையோ பேரை இப்படி நிற்க வைத்திருக்கிறார். பையின் கடைசி மடிப்பு வரை கை போகும்போது எதிரில் நிற்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கறுப்பு டேப் பிரிந்தது. சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டு அந்தப் பெட்டி வெளியே வந்தது.

"இதுதான். தகரத்துக்குக் கீழ சிக்னல் கெடைக்காம ராத்திரி பூரா தேடிக்கிட்டே இருந்திருக்கு. ஓயாம தேடுனா சார்ஜ் எங்க நிக்கும்?" என்ற மெக்கானிக், செக்போஸ்ட்டின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "திருட்டுப் பயத்துக்கு நெறைய பேர் மாட்டுறதுதான் சார். மறந்திருப்பீங்க."

"நல்லதுதானே மாமா. வண்டி திருடு போனா கண்டுபிடிச்சிடலாம்" என்றான் மைத்துனன்.

வழி திறந்தே இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆனால் அதைச் சொன்னவனின் முகத்தில், இத்தனை நாளும் தப்பு தன்னுடையதல்ல என்று தெரிந்துகொண்ட நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு அவரால் தலையாட்ட முடியவில்லை.

"திருடனுக்காக இல்ல மாப்ளே. உனக்காக மாட்டினது."

மெக்கானிக் திடீரென்று ஸ்பேனர்களைத் துடைப்பதில் மும்முரமானார்.

"பெட்ரோலா?" என்று கேட்டான் மைத்துனன்.

"ம்."

"அப்போ ஏரிக்கரையையும் பாத்திருப்பீங்க."

"பாத்தேன். சீட்டாட்டம்னு நெனச்சேன்."

அவன் சிரிப்பதுபோல ஒரு மூச்சு விட்டான். "கடையிலேர்ந்து நேரா வந்தா நீங்க சாப்பிட உக்காந்திருப்பீங்க மாமா. பக்கத்துல உக்காந்தா இன்னிக்கு யார் வந்தாங்க, என்ன வேலை, ஏன் லேட்டுன்னு ஒவ்வொண்ணா கேப்பீங்க. பதில் சொல்லிக்கிட்டே சாப்பிட்டா எறங்க மாட்டேங்குது. நீங்க எழுந்திருக்குற நேரம் வரைக்கும் அங்க கல்லுல உக்காந்திருப்பேன். சுத்தி வர்றதால பெட்ரோல் கொஞ்சம் கூடத்தான் ஆகும்."

பின்வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று அவருக்குத் தெரியவில்லை. "என் தம்பியவா வேவு பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பெட்டியை அவரே வெட்டி எடுத்தார். இருக்கை அவர் விரல்மேல் விழாதபடி மைத்துனன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த உதவியை ஏற்பது, செய்த காரியத்தை ஒப்புக்கொண்டதைவிடக் கடினமாக இருந்தது. "தப்புதான் மாப்ளே" என்று சொல்ல நினைத்தார். அதற்குள் மெக்கானிக் மீட்டரைக் காட்டி, "பாருங்க, ஜீரோ" என்றார். அவர் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் செக்போஸ்ட் பொத்தானைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. சத்தம் கேட்டு மைத்துனன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையில் பை, காலில் செருப்பு. "சரியாயிடுச்சு போல" என்றான்.

"எடுத்துட்டுப் போ மாப்ளே. இனிமே நான் எதையும் கேக்க மாட்டேன். நான் பண்ணினது பெரிய தப்பு."

"பரவால்ல மாமா. பஸ்லயே போய்க்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவன் கேட்டைத் திறந்து, பின்னால் திரும்பி அதைச் சரியாகச் சாத்தி, கொண்டியையும் போட்டுவிட்டுத் தெருவில் நடந்தான். எந்த நிறுத்தம், எத்தனை மணி பஸ், திரும்ப எப்போது என்று மூன்று கேள்விகள் அவர் நாக்கு நுனி வரை வந்தன. அவற்றை விழுங்கிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பக்கத்தில் செக்போஸ்ட் நின்றார்.