சிவப்பு சேராத மத்தியானம்

மூன்று நிற லேசரை ஒரே புள்ளியாகச் சேர்க்கிற வேலையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டிப் பிழைத்தவன் நான். செங்கல்பட்டிலிருந்து முட்டுக்காடு வரைக்கும் லேசர் பெட்டி வைத்திருக்கிறவர்களில் பாதிப்பேர் அதன் மூடியைத் திறக்கவே பயப்படுவார்கள். கோளாறு என்றால் மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் என் முதல் பெட்டியை வாங்கிய வாரமே கழற்றிப் பரப்பிவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் களைப்பாகிவிடுகிறது.

பெட்டிக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசர். ஒவ்வொன்றின் முன்னாலும் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. மூன்று ஒளியும் அந்தக் கண்ணாடிகளால் ஒரே பாதைக்கு வந்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து வெளியே போக வேண்டும். படிந்தால் வெள்ளை. ஒரு மயிரிழை விலகினாலும், சுவரில் எழுதுகிற எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நிழல் நிற்கும். பெட்டிக்குக் கிட்டே சேர்ப்பதற்கு லேசரின் பீடத்தை நகர்த்த வேண்டும். தூரத்துச் சுவரில் சேர்ப்பதற்குக் கண்ணாடியின் திருகைத் திருப்ப வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும். கிட்டே பார், தூரத்தில் பார், மறுபடியும் கிட்டே வா. பொறுமை இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

போன வருடம் ஆயுத பூஜை கழிந்து சில நாளில் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை பெண் பேரை ஓட்டலின் பெரிய சுவரில் வெள்ளை எழுத்தில் எழுத வேண்டும். வெள்ளைதான் வேண்டும் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கு வேலை கொடுக்கிற அலங்காரக்காரர், "எங்க அண்ணாத்த கண்ணு மீட்டர் மாதிரி சார், அவரு வெள்ளைன்னா வெள்ளை" என்று அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

ஆனால் அந்த வாரம் முழுக்கவே ஒளி எனக்குக் கூர்மையாகத் தெரியவில்லை. புள்ளியைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு மங்கல். காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். ஆயுத பூஜையன்று எல்லாப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மூடியைத் திறந்து உள்ளேயும் சாம்பிராணி காட்டுவது என் வழக்கம். சாமி வெளியே மட்டும் பார்த்தால் போதுமா? அந்தப் புகை கண்ணாடியில் படிந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஓட்டலுக்குக் கிளம்புமுன் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மூன்று கண்ணாடியையும் அழுத்தித் துடைத்தேன். துடைத்ததில் கண்ணாடிகள் அசைந்துவிட்டன. பிறகு திருக்கழுக்குன்றம் சாலையின் வேகத்தடைகள் மிச்ச வேலையைப் பார்த்தன. மத்தியானம் ஓட்டலில் இறக்கிப் போட்டுப் பார்த்தபோது சுவரில் மூன்று நிறமும் மூன்று இடத்தில் நின்றன.

சாயங்காலத்துக்குள் சேர்த்தாக வேண்டும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு நீளமான நடைவழி. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு அதில் பெட்டியை வைத்தேன். ஒளியைக் குறைந்த அளவுக்கு இறக்கினேன். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத்தாள், அதில் பேனாவால் ஒரு கூட்டல் குறி. என் ஆட்கள் வெளியே மணலில் கம்பி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டேன். என் மனைவி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து கேபிள் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் கேபிளைச் சுருட்டுகிற லட்சணம் பிடிக்காமல், கல்யாணமான நாளிலிருந்து எல்லா வேலைக்கும் கூடவே வருகிறவள்.

இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்து திருகைத் திருப்பினேன். பச்சையும் நீலமும் சேர்ந்தன. சிவப்பையும் கொண்டுவந்து ஏற்றினேன். நிமிர்ந்து பார்த்தேன். ஒரே வெள்ளை உருண்டை. மங்கல் மட்டும் போகவில்லை.

"முடிஞ்சிச்சிம்மே. மூடியப் போட்டுர்றேன்" என்றேன்.

அவள் கேபிளிலிருந்து தலையைத் தூக்கினாள். "இன்னா முடிஞ்சிச்சி? செவப்பு வெளிய நிக்குது பாரு."

"எங்க நிக்குது?"

"அதான், சோத்துக்கைப் பக்கம். நல்லாத் தனியாத் தெரியுது."

"சாம்பிராணிப் பொகம்மே அது. உனுக்கு அப்டித் தெரியுது."

"பொகைதான் நீ தேச்சி எடுத்துட்டியே. இன்னும் எதுக்கு அது மேல பழி போட்டுக்கினுகீற?"

எனக்குக் கோபம் வந்தது. நாற்பது வருடமாகக் கேபிள் சுருட்டுகிறவள் எனக்கு நிறம் சொல்வதா? அவளைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல், சிவப்பின் திருகைக் கொஞ்சமாக, கை நடுங்கினால் திரும்புமே அவ்வளவு, திருப்பினேன். சுவரைப் பார்த்தேன். என் பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. அதே உருண்டை, அதே பஞ்சு.

"இப்ப?" என்றேன்.

"இப்ப மேல ஏறிடுச்சி. இன்னா பண்ண நீ? இருந்ததயும் கெடுத்துட்டியா?"

திருப்புளியைக் கீழே வைத்தேன். பக்கத்துப் பட்டறையில் கல் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. புகை கண்ணாடியில் இல்லை. என் கண்ணில் இருந்தது. எத்தனை மாதமாக இருந்ததோ, அதையும் சேர்த்து வெள்ளை என்று எத்தனை பேருக்குச் சொன்னேனோ. அந்த நிமிஷத்தில் உட்கார வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

அவள் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரருகே போய் நின்றாள். நான் எதுவும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது.

"குந்திக்கினே திருப்பு. நான் சொல்றேன்" என்றாள். "கீழ. இன்னுங்கீழ. இரு, இரு, தாண்டிட்ட. வாரத்துக்கு ஒருக்கா வெங்காயத்துக்குப் பேரம் பேசுறியே, அந்த மாதிரி கொஞ்சங்கொஞ்சமா எறங்கு மாமா."

தூரத்துச் சுவரில் சேர்ந்ததும் பெட்டிக்குக் கிட்டே ஒரு அட்டையைப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே விலகியிருந்தது. மறுபடியும் பீடம், மறுபடியும் திருகு. கை என்னுடையது, கண் அவளுடையது. கை பிசகவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அவள் "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது. வேறு எவன் வந்தாலும் அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு திருகைத் திருப்பியிருக்க மாட்டான்.

கடைசியில் அவள் ரொம்ப நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணுதான் கீது" என்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? திருகுகளின் மேல் பசை வைத்து மூடியைப் போட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் சுவரில் பேர் ஓடியது. எனக்கு ஈரச் சுண்ணாம்பில் எழுதியது போலத்தான் தெரிந்தது. "வெள்ளையா கீதா?" என்று மெதுவாகக் கேட்டேன். "வெள்ளைதான்" என்றாள். அவள் வார்த்தையை நம்பி நின்றேன்.

அலங்காரக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "பால் மாதிரி கீது அண்ணாத்த. பொண்ணோட அப்பா போட்டோ புடிச்சிக்கினே இருக்காரு. அடுத்த மாசம் இதே பீச்சுல இன்னொண்ணு, நாலு பொட்டி, நாலு பக்கத்துலேருந்து. உன்ன வுட்டா யாரு? சரின்னு சொல்லிடவா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்கிறவன் நான். அன்றைக்கு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"கண்ண காட்டிட்டு வந்து சொல்றோம் தம்பி" என்றாள் என் மனைவி.

இனி இது ராத்திரிக்குள் ஊரெல்லாம் போய்விடும்.

"கண்ணா? யாருக்கு?"

"எனுக்குத்தான். தூரத்துல ஒண்ணுமே தெரியமாட்டேங்குது."

"அட, ஒயரு சுத்துறதுக்கு இன்னாத்துக்கு அண்ணி கண்ணு?" என்று சிரித்தார் அவர். "அண்ணாத்த கண்ணு இருந்தாப் போதும் எங்களுக்கு."

"ஆமா, அவரு கண்ணு நல்லா கீது" என்று சொல்லிவிட்டு அவள் கேபிள் பக்கம் போனாள்.

வேனில் திரும்பினோம். அவள்தான், ஓட்டுகிற ஆள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்: "திங்கக்கெழம செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போணும். ஒத்தையில போவ எனுக்கு ஒரு மாதிரி கீது. நீயும் வா மாமா."

"எனுக்கு ஆயிரம் வேலை கீது" என்றேன். பிறகு, "சரி, துணைக்கு வரேன்" என்றேன்.