தொட்டில் மெத்தையும் உடைந்த ஊசியும்

வலது கண்ணில் முதலில் ஒரு கரித்துணுக்கு வந்தது. அடுப்பிலிருந்து பறந்து வந்த கரி என்று நினைத்துக் கையால் தட்டினேன். போகவில்லை. கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் அதுவும் திரும்பியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். வெள்ளைத் துணியைப் பார்த்தபோது துணியின் மேல் அது மிதந்தது. இது வெளியிலிருந்து வந்ததில்லை, கண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கால் மெஷினின் மிதிபலகையில் இருந்தும் மிதிக்க மறந்து அப்படியே இருந்தேன்.

கல்முனையில் கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. கணவர் பஸ் ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டுகிறார். மகளும் மருமகனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். நான் கலியாணம் முடித்த காலத்திலிருந்து முன் அறையில் மெஷினைப் போட்டுத் தைத்து வருகிறேன். அபாயா, பள்ளிக்கூடச் சட்டை, பிள்ளைகளின் கவுண், தலையணை உறை, எது வந்தாலும் தைப்பேன். எனக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய், இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது கண்ணுக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை.

காரணம் என் உம்மா. அவவின் கண்ணையும் சீனிதான் கொண்டுபோனது. கடைசி வருஷங்களில் நான் நேர் எதிரே வந்து நின்றாலும், "ஆரது?" என்று கேட்பா. நான் பதில் சொல்லும் வரைக்கும் அவவின் முகத்தில் ஒரு கலவரம் இருக்கும். குரலைக் கேட்டதும் அது போய்விடும். சொந்த வீட்டுக்குள், பெற்ற மகளின் முன்னால் அப்படி ஒரு கலவரம். அந்த முகம்தான் எனக்குள் கிடந்தது.

கரித்துணுக்குகள் பெருகின. பிறகு, நேராக ஓடவேண்டிய தையல் நடுவில் வளைந்து தெரிந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். விரலுக்கு நேராகவே இருந்தது. கண்ணுக்குத்தான் வளைந்தது.

ஆனாலும் தைப்பது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. கைக்கும் காலுக்கும் பழகின வேலை. நூல் கோர்ப்பதுதான் ஏலாமல் போனது. ஊசிக் காது எனக்குத் தெரியவே இல்லை. கம்பி ஒன்று நிற்பது தெரியும், அதில் ஓட்டை எங்கே என்று தெரியாது. வாசல் வெளிச்சத்துக்கு மெஷினைத் திருப்பிப் போட்டேன். ஊசிக்குப் பின்னால் வெள்ளைக் கடதாசித் துண்டு பிடித்தேன். நூலைச் சரிவாக வெட்டி, நாக்கில் நனைத்து, நகத்தால் தட்டையாக்கினேன். நூல் போய்விட்டது என்று மறுபக்கம் பிடித்து இழுப்பேன், வெறுமனே கையோடு வந்துவிடும். காதுக்குள் போகாமல் பக்கத்தால் போயிருக்கும். இப்படித் திரும்பத் திரும்ப நடக்கும்போது கை நடுங்கும். நடுங்கும் கையால் கோர்க்கவே முடியாது.

கடையில் நூல் கோர்க்கிற சின்னக் கம்பி ஒன்று வாங்கினேன். முடி போன்ற மெல்லிய கம்பி, முனையில் வளையம். அந்தக் கம்பியையும் அந்தக் காதுக்குள்தானே விடவேண்டும்? ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும், நூல் அந்தப் பக்கத்தால்தான் போகவேண்டும். பள்ளத்தை நகத்தால் தடவிக்கொண்டே கீழே வந்து, அது முடியும் இடத்தில் கம்பியால் குத்திக் குத்திப் பார்ப்பேன். சில நேரம் அமையும். அமைந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்வேன்.

அதற்குப் பிறகு கோர்ப்பதையே தவிர்க்கப் பழகினேன். நிறம் மாற்றும்போது பழைய நூலை வெட்டிப் புது நூலை அதன் வாலில் முடிந்து, மெல்ல மெல்ல இழுப்பேன். முடிச்சுச் சின்னதாக இருந்தால் காதுக்குள்ளால் வந்துவிடும். நூல் அறாமல் இருக்கும் வரைக்கும் நான் கண் தெரிகிற ஆள்தான். அதனால் நூல் அறுவதற்கு நான் பயந்த பயம் சொல்லி முடியாது.  மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். நூல் அறும்போது மெஷினின் சத்தம் கொஞ்சம் லேசாகும். அந்த லேசுச் சத்தம் கனவிலும் வரும்.

மகள் ஒருநாள், "உம்மா, நான் கோத்துத் தரட்டா?" என்று கேட்டாள்.

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்றேன். அவளுடைய முகம் எப்படி ஆனது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தா. தம்பிலுவிலிலிருந்து பஸ்ஸில் வந்து கல்முனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறவ. என்னைவிட இளமை, என்னை அக்கா என்பா. அவவின் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. பிறப்புத் தீட்டான துடக்கைக் கழித்துப் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற நாளுக்கு ஒரு சின்ன மெத்தையும் தலையணையும் வேண்டும் என்று மஞ்சள் துணியும் இலவம் பஞ்சும் கொண்டுவந்து தந்தா.

மெத்தையின் கடைசி மூலையை மூடும்போது ஊசி முறிந்தது. மூலையில் துணி நாலு மடிப்பாகத் தடித்திருந்தது. டக் என்று ஒரு சத்தம், முகத்தில் ஏதோ காற்றுப் பட்டதுபோல் இருந்தது. இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டேன். கண்ணில் ஒன்றும் படவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று, விழுந்த ஊசிகளைப் பொறுக்குவதற்காக என்னிடம் இருந்தது. அதை மெஷின் பலகையில் தடவ, முறிந்த துண்டு ஒட்டிக்கொண்டது. மேல் பாதி மெஷினிலேயே இருந்தது. மேல் பாதி, கீழ்ப் பாதி, சரி என்று இரண்டையும் ஒரு மூடியில் போட்டேன். புது ஊசி பூட்டி, அதற்கு நூல் கோர்த்து முடிப்பதற்குள் வியர்த்துப் போனேன். மூலையை மூடி, மெத்தையையும் தலையணையையும் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டு நண்பகல் லுஹர் தொழப் போனேன்.

தொழுதுவிட்டு வரும்போது பை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சரிடம் மகள் கொடுத்துவிட்டாள். முன் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தவள் அந்த மூடியைக் கையில் எடுத்தாள்.

"இது முறிஞ்ச ஊசியா உம்மா? மத்தத் துண்டு எங்க?"

"ரெண்டு துண்டும் அதுலதானே இரிக்கி."

"இல்ல உம்மா. ஒண்டு மேல் துண்டு. மத்தது நடுத்துண்டு, காது இரிக்கி. முனை இல்லையே."

நான் மூடியை வாங்கினேன். பார்த்து என்ன பயன்? துண்டை எடுத்து நுனியை விரலில் அழுத்தினேன். குத்தவில்லை. மொட்டையாக இருந்தது.

தரையெல்லாம் காந்தத்தை இழுத்தோம். மெஷினுக்குள்ளே, கீழ் நூல் வைக்கிற பொபின் பெட்டிக்குள்ளே, பாயின் கீழே. குண்டூசிகள் வந்தன. முனை வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. முனை மெத்தைக்குள் போயிருக்கிறது. பிறந்து சில வாரமே ஆன ஒரு பிள்ளை படுக்கப்போகிற மெத்தை.

டீச்சரின் போனுக்கு மகள் அழைப்பு எடுத்தாள். அடித்து அடித்து நின்றது. பிறகு அடிக்கவும் இல்லை. கணவரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓட்டோவை வாசலில் நிறுத்தியபோது, காந்தத்தையும் பிளேடையும் கைப்பையில் போட்டுக்கொண்டு நான் ஏறிவிட்டேன்.

சாய்ந்தமருதைத் தாண்டினோம். அவர் முன்னால் பார்த்தபடியே கத்திக் கேட்டார்.

"முறிஞ்ச ஊசிய வடிவாப் பாக்காமலா வெச்ச?"

"பாத்தன். எனக்குத் தெரியல்ல."

"தெரியல்ல எண்டா?"

"கண் தெரியல்ல. கன நாளா."

ஓட்டோ கொஞ்சம் வேகம் குறைந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். காரைதீவு போனது. நிந்தவூர் கடைகள் போயின. இரண்டு பக்கமும் வயல் வந்த இடத்தில் கேட்டார்.

"எனக்கிட்டச் சொல்ல என்ன புள்ள?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவீங்க. உம்மாக்குச் சொன்னதத்தான் எனக்கும் சொல்லுவாங்க. அதுக்குப் பயந்துதான்."

 அக்கரைப்பற்றில் வாகனங்கள் நெருக்கி நின்றபோது, அவர் ஹாரனை அழுத்திய விதத்தில் அவருக்கும் எவ்வளவு பயம் என்று தெரிந்தது. நான் காவல் தேடி ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டு வந்தேன். ஓதுகிற வாய்க்கும் மனதுக்கும் தொடர்பே இல்லை. மனதில் அந்தப் பிள்ளை புரண்டுகொண்டே இருந்தது. பிறந்த பிள்ளை புரளாது என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

தம்பிலுவிலில் கோயிலடியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். படியில் ஏறும்போதே பிள்ளை வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டது.  டீச்சர் இன்னும் பள்ளிக்கூடச் சாரியோடு வெளியே வந்தா.

"என்னக்கா? என்ன இஞ்சால?"

"டீச்சர், பிள்ள எங்க? மெத்தையில படுக்க வெச்ச நீங்களா?"

"ஓம், இப்பதான் வெச்சுப் பாத்தம். ஏன்?"

"தூக்குங்க. பிள்ளயத் தூக்குங்க. உள்ளுக்குள்ள ஊசி முனை கிடக்கு."

அவ உள்ளே ஓடினா. நானும் செருப்போடு பின்னால் போய்விட்டேன். மகள்காரி பிள்ளையை வாரி எடுத்து, சட்டையைக் கழற்றி, முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டீச்சர் கழுத்தையும் பிடரியையும் தடவினா. எனக்கு ஒரு சிவப்பு உடம்பு அசைவது மட்டும் தெரிந்தது. அதில் இரத்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பட்டதை எந்த விரோதியும் படக்கூடாது.

"ஒண்டும் இல்ல. பால் தேடித்தான் அழுறான்" என்றா டீச்சர். 

நான் நிலத்தில் உட்கார்ந்து மெத்தையை மடியில் போட்டேன். காந்தத்தை மூலையிலிருந்து தொடங்கி மெல்ல நகர்த்தினேன். ஒன்றும் இல்லை. அழுத்தித் தடவினேன். நான் கடைசியாக மூடிய மூலைக்கு வந்தபோது துணி ஒரு பொட்டளவு எழும்பிக் காந்தத்தோடு ஒட்டியது. பிளேடால் தையலை அறுத்து, பஞ்சுக்குள் காந்தத்தை விட்டு எடுத்தேன். என் கண்ணுக்கு வெறும் காந்தம்தான். வாசலில் நின்ற கணவர் குனிந்து பார்த்து, "இரிக்கி" என்றார்.

டீச்சரின் மகள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். "கண் தெரியாட்டி ஏன் தைக்கிறீங்க?" என்று கேட்டாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். டீச்சர் அவளை அதட்டவும் இல்லை, எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை.  புறப்படும்போது டீச்சர் மட்டும் ஓட்டோ வரைக்கும் வந்தா. "ஓடி வந்து சொன்னீங்களே அக்கா" என்றா. மெத்தையைத் திருப்பித் தரவில்லை, எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவ தைக்கக் கொடுக்க வரவில்லை. நான் அவவைக் குறை சொல்லமாட்டேன்.

மறுநாள் காலையில் கணவர் ஓட்டோவை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகவில்லை. என்னைக் கண் கிளினிக்கில் கொண்டுபோய் இறக்கினார். டொக்டர் சின்ன வயதுப் பெண். மருந்து விட்டு, வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சி, வலது கண்ணைக் கனநேரம் பார்த்தா. சீனியால் கண்ணின் பின்னாலுள்ள இரத்தக் குழாய்கள் கசிந்து, அந்த இடம் வீங்கியிருக்கிறது என்றா. "இதுக்குக் கண்ணுக்குள்ளயே ஊசி போடவேணும் அம்மா" என்றா. என் கை தானாகவே கணவரின் சட்டையைப் பிடித்தது.

மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். வெள்ளைத் துணியால் முகத்தை மூடி, ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். விறைக்கப் பண்ணியிருந்ததால் நோவு இல்லை. ஆனால் மேலேயிருந்து ஒன்று வருவது நிழலாகத் தெரிந்தது. ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்து "உம்மா" என்றுதான் கூப்பிட்டேன். அங்கே நின்ற நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டா.

இப்போது சில ஊசிகள் போட்டாகிவிட்டது. போன பார்வை முழுதாக வராது என்று சொல்லிவிட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், இடது கண் இன்னும் பரவாயில்லை என்றார்கள். இனிப்பை விட்டேன், சோற்றைக் குறைத்தேன், விழுங்க வேண்டிய குளிசையைத் தவறவிடுவதில்லை. பிள்ளைகளுக்குரிய எதையும் தைப்பதில்லை. தலையணை உறை, திரைச்சீலை, நேர்த் தையல் மட்டும், அதுவும் பகலில்.

நூல் அறுந்தால் மகளைக் கூப்பிடுகிறேன். "வாறன் உம்மா, அடுப்புல கறி இரிக்கி" என்பாள். அவள் வரும் வரைக்கும் மெஷினின் முன்னால் சும்மா இருக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் என்னை அடக்க முடிவதில்லை. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நல்ல கண்ணைக் கையால் பொத்துகிறேன். மற்றக் கண்ணால் வாசலைப் பார்க்கிறேன், வருகிற மகளின் முகம் தெரிகிறதா என்று.