இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பாட்டுக்குழு

என் மனைவி எங்கள் ஊர் சர்ச்சில், பாட்டுக்குழுவில் பாடுகிறாள். உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர். அறுப்பின் பண்டிகைக்கு வந்த விருந்தாளி ஒருவர் இரண்டு மைக் வைத்து அவர்கள் பாடியதைப் பதிவு செய்து, என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனார். அதை வீட்டில் நன்றாகக் கேட்க வேண்டுமென்றே ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். கார் ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஜோடியைப் பலகையில் பொருத்தி இணைத்தேன்.

பாட்டு தொடங்கும். சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் நின்றுவிடும். மேலே கை வைத்தால் தோசைக்கல்.

"இன்னா, மறுபடியும் நின்னுபூட்ச்சா?" என்று வந்த மனைவி, அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "எட்டு ஓம்னு போட்டுகீது. ஸ்பீக்கர்ல இன்னா போட்டுகீது பாரு."

நான்கு என்று இருந்தது. ஓம் குறைந்தால் தடை குறைவு, ஸ்பீக்கர் கரண்டை அதிகமாக இழுக்கும். எட்டுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயர் சூடு தாங்காமல் நின்றுவிடுகிறது. இரண்டுமே நல்ல பொருள்தான். ஜோடிதான் சேரவில்லை.

தாமலில் இருக்கும் மச்சான் லோடு வண்டி ஓட்டுகிறவன். இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரை வாங்கி சீட்டுக்குப் பின்னால் திணித்து வைத்திருந்தான். எட்டு ஓம்.

"வண்டில முனகிக்கினு கீது மாமா. நீயே எடுத்துக்க, உன்னுத எனுக்குக் குடு" என்றான். வண்டி ஸ்டீரியோ நான்கு ஓமுக்கென்று செய்தது, என் கார் ஸ்பீக்கர் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

மரப்பெட்டிகளைச் சுவரோரம் வைத்துப் பாட்டைப் போட்டேன். ஆம்ப்ளிஃபயர் நிற்கவில்லை. ஆனால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒரு வெறுமை. பின்பக்கம் பார்த்தால், ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருந்தேன்; ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தது. அணைத்து, சரிசெய்து, மறுபடி போட்டேன்.

பெட்டிகள் இருப்பதே மறந்து போனது. வெறும் சுவருக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத இடத்தில், பெண்கள் வரிசையாக நின்று பாடினார்கள். பாடுமுன் ஒருத்தி மூச்சு இழுத்ததுகூட இன்ன இடத்திலென்று தெரிந்தது.

மனைவி தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"தோ, இங்க நான். என் பக்கத்துல அக்கா. அம்மா பின்னாடி நின்னுகினு பாடுது."

அவள் காட்டிய இடத்திலிருந்துதான் அந்தந்தக் குரல் வந்தது. பாட்டு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து பாடிக்கினு கீறேன். எனுக்கு எங்கொரலும் பக்கத்துல நிக்கிறவ கொரலும்தான் கேக்கும். நாங்க எல்லாம் சேந்தா இப்டியா இருக்கும்?"

நான் பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தேன். அதற்குள் அவள் எழுந்து வாசலுக்குப் போய், தெருவின் அந்தக் கோடியில் இருக்கும் தன் அம்மாவை உரக்கக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.