நூற்றேழு கோடி கலர்

கள்ளக்குறிச்சியில் பத்து பிட் மானிட்டர் வைத்திருக்கும் ஒரே போட்டோ ஸ்டூடியோ என்னுடையது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் சொல்லவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. சாதாரண எட்டு பிட் திரை ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேலான நிறங்களைக் காட்டும். இது நூற்றேழு கோடி. அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டும் போட்டிருந்தேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் செய்துவந்தது, எல்லா முகங்களையும் ஒரே நிறமாக்கும் வேலை.

எங்கள் பக்கத்தில் கலர் என்றால் வெளுத்த தோல். ‘பொண்ணு நல்ல கலரு’ என்பார்கள். ‘கொஞ்சம் கலர் ஏத்தி வுடுங்க’ என்று கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் ஏற்றிவிடுவேன்.

வடக்கனந்தலில் மரவள்ளி போடும் ஒருவர், மனைவியின் காரியம் முடிந்த வாரம் வந்தார். நான் பிரேம் போட்டுக் கொடுத்த படத்தை மேசைமேல் வைத்தார்.

“இது யார் வூட்டு படம் சார்?”

“உங்க வூட்டம்மாதாண்ணே.”

“அவ தங்கச்சியே மாலைய கையில வெச்சிக்கினு ‘இது யாரு மாமா’ங்கறா. அவ கருப்பு சார். முப்பது வருசம் பாத்தவனுக்குத் தெரியாதா? கலர எறக்குங்க.”

கல்வராயன் மலையில் ஒரு காதுகுத்தின்போது, புளியமரத்து நிழலில் நான் எடுத்த படம் அது. கேமரா பதிந்த மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்தேன். நான் ஏற்றிய வெளிச்சத்தையெல்லாம் நீக்கியதும், கன்னத்து நிழல் பட்டை பட்டையாக நின்றது.

“கருப்புன்னுதான் சொன்னேன். இன்னா சார், கோடு போட்டு வெச்சிருக்கீங்க?”

கார்டின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். எட்டு பிட் என்றிருந்தது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். பத்துக்கு நாம்தான் மாற்றவேண்டும் என்பது, ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனுக்குத் தெரியவில்லை. முகங்களை வெளுத்துக்கொண்டே இருந்தவனுக்கு நிழலைப் பார்க்கும் தேவையும் வரவில்லை.

மாற்றினேன். திரை ஒருமுறை அணைந்து வந்தது. கன்னத்திலிருந்து கழுத்துவரை நிழல் எங்கும் உடையாமல் இறங்கியது. தாடைக்குக் கீழே, நான் அழித்துவிட்டிருந்த தழும்பு.

“கெழங்கு அவிக்கசொல்ல ஆவி அடிச்சிது,” என்றார். பிறகு, “அத எடுத்துடாதீங்க.”

திரையில் இருப்பதெல்லாம் காகிதத்தில் வராது என்பதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பிரிண்ட் போட்டேன்.

“கலரு இன்னும் ஜாஸ்தியா கீது. கம்மி பண்ணுங்க.”

இரண்டாவதும் கலர் ஜாஸ்தி. மூன்றாவதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் நின்றார்.

“இவதான்.”

மை காயட்டும், கொஞ்ச நேரம் ஆகும், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் போகவில்லை. படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை அதன் எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.